கடல் சாமந்திக்குச் சோறு போடுவது யார்?

வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கடல் சாமந்தியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது செடி மாதிரிதாங்க, லைட்டு எரிஞ்சாப் போதும்" என்பார் ஒருவர். "தினம் ஒரு இறால் போடணும், இல்லாட்டிச் சுருங்கிப் போயிடும்" என்பார் இன்னொருவர். "தொண்டிக்கு ஆள் அனுப்பி நாலு கேன் கடல் தண்ணி கொண்டாந்து ஊத்திட்டா அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்பவரும் உண்டு. மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பி வாங்கிய கடல் சாமந்தி இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். பிறகு ஒரு நாள் காலையில் குழைந்து கிடக்கும், தொட்டியே நாறும்.

செட்டிநாட்டு ஊர்களில் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி விளக்கு, எந்த மாடல் பம்பு என்கிற கடைக் கணக்கு இதில் கிடையாது. இந்த உயிர் எப்படிப் பிழைக்கிறது என்று புரிந்துவிட்டால், கடைக்காரர் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில், இது என்ன உயிர்?

கடல் சாமந்தி ஒரு விலங்கு. கடைகளில் அனிமோன் என்பார்கள். பவளமும் ஜெல்லி மீனும் இதன் பங்காளிகள். எலும்பு கிடையாது, இதயம் கிடையாது, மூளையும் கிடையாது. உடம்பு முழுக்க ஒரு நரம்பு வலை மட்டும் ஓடுகிறது. அடியில் வட்டமான பாதம். அதால்தான் பாறையைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் தண்டு. உச்சியில் ஒரு தட்டு, தட்டைச் சுற்றிக் கைகள். நடுவில் ஒரே ஒரு வாய். சாப்பாடு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்த ஒரே வழியாகத்தான்.

கைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய முள்நூல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஏதாவது வந்து உரசியதும் அது தெறித்து வெளியே பாய்ந்து குத்தும். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுவது போல இருக்குமே, அது பசை இல்லை. நம் தோலில் குத்தி நிற்கும் அந்த நூல்கள். நம் விரல்தோல் தடிப்பானது, அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. ஒவ்வாமை உள்ளவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

உடம்புக்கு உருவம் கொடுப்பது உள்ளே நிரம்பியிருக்கும் தண்ணீர். வாய் வழியாகத் தண்ணீரை இழுத்து உப்பும். வெளியே விட்டுச் சுருங்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொட்டியைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் நேராகக் கேட்டார்கள்: "எல்லாம் சரிப்பா, இதுக்குச் சோறு போடுறது யாரு?" விஷயம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

உள்ளே குடியிருப்பவர்கள்

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவைச் சுற்றி, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. கூரை ஒன்று, முற்றம் ஒன்று. ஆனால் புள்ளிக்குப் புள்ளி தனி அடுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வீடுதான் தெரியும். உள்ளே எத்தனை அடுப்பு எரிகிறது என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

கடல் சாமந்தியும் அப்படி ஒரு வீடு. அதன் உடம்புச் செல்களுக்குள்ளேயே லட்சக்கணக்கில் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. இவற்றுக்கு ஜூசாந்தெல்லா என்று பெயர். இனிமேல் வெறும் பாசி என்றே சொல்கிறேன். செடி செய்யும் அதே வேலையை, அதாவது ஒளிச்சேர்க்கையை, இந்தப் பாசி செய்கிறது: வெளிச்சத்தையும் கரியமில வாயுவையும் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. தயாரித்ததில் பெரும்பங்கைத் தான் குடியிருக்கும் விலங்குக்குக் கொடுத்துவிடுகிறது. பதிலுக்கு விலங்கு இடம் கொடுக்கிறது. தன் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவையும் கழிவில் வரும் அம்மோனியாவையும் கொடுக்கிறது. ஒன்றுக்குக் குப்பை, மற்றதற்கு உரம்.

ஆச்சி கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றாடச் சோறு போடுவது உள்ளே இருக்கும் பாசி. நீங்கள் போடும் இறால் பலகாரம் மாதிரி, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது இரண்டு உயிர்களை. பாசிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். விலங்குக்கு நாளுக்கு நாள் மாறாத தண்ணீர் வேண்டும். தண்ணீர் சூடேறினாலோ, வெளிச்சம் திடீரென்று மிஞ்சிப்போனாலோ பாசியின் வேலை தறிகெட்டுப் போய் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் உருவாகும். அப்போது விலங்கு பாசியை வெளியே தள்ளிவிடும். இதற்கு வெளுத்தல் என்று பெயர். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது இதே காரணத்தால்தான்: கடல் சூடேறியது, பாசி வெளியேறியது.

வெளுத்த கடல் சாமந்தி உடனே சாகாது. வெள்ளை வெளேரென்று, கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு நிற்கும். பார்க்க அழகுதான். கடையில் அதையே "வெள்ளை ரகம்" என்று கூடுதல் விலைக்குச் சொல்வார்கள். வாங்கினால் பட்டினி கிடக்கும் உயிரைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவருகிறீர்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள், ஊதா என்று உடம்பு முழுக்க ஒரே நிறத்தில் இருப்பவற்றில் பல, வெளுத்த பிறகு சாயம் ஏற்றப்பட்டவை. ஆரோக்கியமானதற்கு அடிநிறமாக ஒரு பழுப்பு இருக்கும்; அது பாசியின் நிறம். அதன் மேல் பச்சையோ இளஞ்சிவப்போ தெரிந்தால் அது விலங்கின் சொந்த நிறம்.

எல்லா வகையிலும் பாசி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். குளிர்க்கடலில் வாழும் சில வகைகளில் கிடையாது. 1828-ல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஜான் டாலியல் என்ற இயற்கை ஆய்வாளர் ஒரு கடல் சாமந்தியைப் பிடித்து ஜாடியில் வைத்தார். அவர் 1851-ல் காலமானார். அது கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது. பாட்டி என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது பாசி இல்லாத வகை, அதனால் விளக்கு இல்லாமல் ஜாடியில் காலம் தள்ளியது. நம் கடைகளில் கிடைக்கும் வெப்பக்கடல் வகைகளை அப்படி வைத்தால் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். மாதத்துக்கு மாதம் அளவு சிறுத்துக்கொண்டே வந்தால் முதலில் விளக்கைச் சந்தேகியுங்கள்.

சுருக்கமாக: கடல் சாமந்தி ஒரு விலங்கு. அதற்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சத்தைச் சாப்பாடாக மாற்றித் தருகிறது. வெள்ளையாக இருந்தால் பாசி போய்விட்டது என்று அர்த்தம்.

எந்த வெளிச்சம்?

வீட்டு டியூப் லைட் போதாது. கடலில் ஆழம் போகப்போகச் சிவப்பு முதலில் மறையும். நீலம்தான் வெகுதூரம் இறங்கும். பாசியும் நீல ஒளியை நன்றாக உறிஞ்சப் பழகியது. அதனால்தான் பவளத் தொட்டிக்கென்று விற்கும் எல்.இ.டி. விளக்குகளில் நீலம் தூக்கலாக இருக்கிறது. நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம், டைமர் போட்டு, தினமும் ஒரே நேரத்துக்கு எரியட்டும்.

"முற்றத்துல வெயில் சும்மாதானே அடிக்குது, தொட்டியை அங்கயே வெச்சா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலோடு சூடும் சேர்ந்து வருகிறதே! மத்தியான நேரத்தில் தண்ணீர் கொதித்துவிடும், கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படரும். பட்டாலையிலோ உள்ளறையிலோ நேர் வெயில் படாத இடம் பாருங்கள். 200 லிட்டர்த் தொட்டி பாறை, மணல், ஸ்டாண்டு சேர்த்து எளிதாகக் கால் டன்னைத் தாண்டும்; தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு விரிப்பும் போடுங்கள். உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஊறினால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் உப்புப் பூத்துவிடும். பிறகு வீட்டில் நடக்கும் சண்டைக்கு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

உப்பு என்றால் எந்த உப்பு?

அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. உப்புகள் என்று பன்மையில் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரும்பங்கு சோடியம் குளோரைடு, அதாவது நம் சாப்பாட்டு உப்பு. மிச்சத்தில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட் எல்லாம் இருக்கின்றன. விலங்குக்கும் பாசிக்கும் இவை அத்தனையும் வேண்டும்.

"தூத்துக்குடிக் கல் உப்பும் கடல்லேர்ந்துதானே வருது?" என்று கேட்கலாம். உப்பளத்தில் நடப்பதைக் கவனியுங்கள். கடல் நீர் வற்றும்போது கால்சியம் சார்ந்தவை முதலில் படிந்து பாத்தியில் தங்கிவிடும். அடுத்து சாப்பாட்டு உப்பு படிகமாகும். அதை வாரி எடுத்துவிடுவார்கள். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஆகக் கல் உப்பு என்பது கடல் நீரிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து எடுத்த சரக்கு. அதைத் தண்ணீரில் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் தண்ணீர் கிடைக்காது. மீன்தொட்டிக் கடைகளில் கடல் உப்புக் கலவை என்று தனியாக விற்பதை வாங்குங்கள். அதில் எல்லாம் அளவாகச் சேர்த்திருக்கும்.

அப்படியானால் தொண்டியிலிருந்து கொண்டுவரும் நிஜக் கடல் நீர்? தொண்டி இருக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். காற்று அடித்தால் சேறு கலங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீர் கலந்து உப்பு குறைந்துவிடும். கரையோரத்தில் படகு எண்ணெயும் ஊர்க் கழிவும் வேறு. நல்ல நீர் கிடைக்கும் இடம், நேரம் தெரிந்த மீனவர் பழக்கம் இருந்தால் சரி. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

உப்பைக் கரைக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிக்கும் என்று காரைக்குடிக்காரர்கள் பெருமை பேசுவோம். அந்த ருசியே அதில் கரைந்திருக்கும் தாதுக்களால் வருவதுதான். தொட்டிக்கு வேண்டியது ஒன்றுமே கரைந்திராத தண்ணீர்: ஆர்.ஓ. நீர். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சமையலறை ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காக, ஆர்.ஓ. வழியே போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலப்பார்கள். தாது சேர்க்கும் குப்பி இருக்கும். சிலவற்றில் செம்பு சேர்ப்பதையே விளம்பரமாகச் சொல்வார்கள். டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவை அது காட்டும். எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி உண்டு. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும். ஆயிரத்துக்கு 35, அல்லது அடர்த்தி எண் 1.025 முதல் 1.026 என்று காட்ட வேண்டும். மீன்களால் தங்கள் உடம்பின் உப்பை ஓரளவு தாங்களே சரிசெய்துகொள்ள முடியும். கடல் சாமந்திக்கு அந்த வசதி கிடையாது. வெளியே எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவு. தொட்டியில் உப்பு ஏறி இறங்கினால் அதன் ஒவ்வொரு செல்லும் அதை உணர்கிறது.

தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே மட்டம் குறையக் குறைய உப்பு ஏறுகிறது. குறைந்த அளவை நிரப்பும்போது உப்பு கலக்காத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றுவது தண்ணீர் மாற்றும்போது மட்டும்: பழையதில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டு, புதிதாகக் கரைத்ததை அதே அளவு விடும்போது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, மட்டம் குறையும் போதெல்லாம் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்கள் நிறையப் பேர். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்புங்கள்.

சுருக்கமாக: கடல் உப்புக் கலவை, சுத்தமான ஆர்.ஓ. நீர், 35 என்ற அளவு. ஆவியானதற்கு வெறும் நீர், மாற்றுவதற்கு உப்பு நீர்.

தொட்டி பழக வேண்டும்

மீனின் கழிவும் மிச்ச உணவும் அழுகினால் அம்மோனியா வரும். அது நஞ்சு. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அளவோடு இருந்தால் தீங்கு குறைவு. இந்தத் தொடருக்கு நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியதும் மீன் விடலாம். கடல் சாமந்தி விடக் கூடாது. புதுத் தொட்டியில் எண்கள் இன்றைக்கு ஒன்றாகவும் நாளைக்கு ஒன்றாகவும் ஆடிக்கொண்டிருக்கும். குறைந்தது 6 மாதம் காத்திருங்கள் என்பது பொதுவான அறிவுரை. ஒரு வருடம் என்று நான் சொன்னால் வாங்கத் துடிப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. அந்த மாதங்களில் உங்களுக்குத் தொட்டி பழகுகிறது. தண்ணீர் மாற்றுவது, உப்பு பார்ப்பது, மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் கை தானாகச் செய்யும் அளவுக்கு வந்த பிறகு வாங்குவது நல்லது.

சித்திரை வெயிலும் கரண்டு கட்டும்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். நம்மூரில் சித்திரை, வைகாசியில் வெளியே 38, 40 என்று அடிக்கும். கனத்த சுவரும் உயரக் கூரையும் உள்ள பழைய வீட்டின் உள்ளறை, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் அறையைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் தண்ணீர் 30-ஐத் தாண்டத்தான் செய்யும். விளக்கும் பம்பும் தம் பங்குக்குச் சூடேற்றும்.

மலிவான வழி, தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சிறு மின்விசிறி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று டிகிரி குறையும். காற்று காய்ந்திருந்தால் இது நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றைவிட நம் பக்கத்துக் கோடைக் காற்று இதற்குத் தோது. இதில் உள்ள சிக்கல், ஒரு நாளைக்குச் சில லிட்டர் நீர் ஆவியாகும். நிரப்ப மறந்தால் உப்பு ஏறும். விசிறி போதாத வீட்டுக்குச் சில்லர் என்கிற குளிர்விக்கும் இயந்திரம்தான் வழி. அதன் விலையைக் கேட்டு மயங்கியவர்கள் உண்டு. சில்லரும் வேண்டாம், ஏ.சி. அறையும் இல்லை என்றால் கடல் சாமந்தி ஆசையைத் தள்ளிவைப்பதே நேர்மை என்பது என் கருத்து.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன மின்சாரம் சாயங்காலம்தான் வரும். அந்த நேரத்தில் விளக்கு எரியாதது பெரிய விஷயமே இல்லை. பாசி ஒரு நாள் வேலை செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் அசையாமல் நிற்பதுதான் ஆபத்து. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். அசையாத நீரில் அதுவும் தீர்ந்துவிடும். இன்வெர்ட்டர் இணைப்பில் ஒரே ஒரு பம்பு போதும். அதுவும் இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். விலை சொற்பம்.

செம்பை அண்ட விடாதீர்கள்

வயலுக்கு மயில்துத்தம் அடித்திருப்பவர்களுக்குத் தெரியும்: பாசியையும் பூஞ்சையையும் கொல்ல அதுபோல ஒன்றில்லை. மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கும் செம்பு கொடிய நஞ்சு. ஆக, செம்பு கலந்தால் வீடும் குடியிருப்பவர்களும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறார்கள்.

பரணில் இருக்கும் பித்தளை அண்டா, செம்புக் கிடாரம் எதிலும் தொட்டித் தண்ணீரைக் கலக்கக் கூடாது. பித்தளையிலும் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிப்பதை ஆராயவே காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது; அந்த அரிப்பு உங்கள் தொட்டியில் நடக்க வேண்டாம். பிளாஸ்டிக் வாளிதான் நல்லது. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கடையில் கொடுக்கும் மருந்துகளிலும் செம்பு இருப்பது வழக்கம். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள். கொசு மருந்து, கரப்பான் மருந்து ஸ்பிரேக்களையும் அந்த அறையில் அடிக்காதீர்கள். காற்றுப் பம்பு அதை நேராகத் தண்ணீருக்குள் இறக்கிவிடும்.

நகர்ந்தால், சுருங்கினால்

புதிதாக வந்த கடல் சாமந்தி நடக்கும். பாதத்தை மெல்ல இழுத்து இழுத்து, ஓரிரவில் தொட்டியின் மறுமுனைக்கே போய்விடும். உடனே பதறி, பிய்த்து எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார்கள். செய்யவே கூடாத காரியம் அது. பாதம் கிழிந்தால் அழுகல் பிடித்துச் செத்துப்போகும். அது தேடுவது வெளிச்சமும் மிதமான நீரோட்டமும் பாதத்தை ஒளித்துக்கொள்ள ஒரு பொந்தும். கிடைத்தால் நின்றுவிடும். வாரக்கணக்கில் நிற்காமல் அலைந்தால் மூன்றில் ஏதோ ஒன்று தொட்டியில் சரியில்லை.

அது நடக்கும் என்பதால், தண்ணீரைச் சுழற்றும் பம்புகளின் வாயை வலையோ ஸ்பாஞ்சோ வைத்து மூடிவிட வேண்டும். திறந்த பம்பில் மாட்டிய கடல் சாமந்தி அரைபட்டுத் தொட்டி முழுக்கச் சிதறும். அந்த நீர் மற்ற உயிர்களையும் கொன்றுவிடும்.

சுருங்குவதும் அப்படித்தான். கழிவை வெளியேற்ற, உள்ளே இருக்கும் தண்ணீரையெல்லாம் விட்டுவிட்டுக் கைப்பிடி அளவுக்குச் சுருங்கும். சில மணி நேரத்தில் மறுபடி உப்பிவிடும். இரவில் சுருங்குவதும் சகஜம். பயப்பட வேண்டியது வேறு அறிகுறிகளுக்கு: நாள் கணக்கில் வாய் பிளந்தே கிடப்பது, பாதம் எதையும் பற்றாமல் உருள்வது, தொட்டால் கைகள் ஒட்டாதது, சதை கரைந்து நூல் நூலாகப் பிரிவது, நாற்றம். கடைசி இரண்டும் வந்துவிட்டால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஒரே ராத்திரியில் தொட்டியின் அம்மோனியாவை ஏற்றிவிடும்.

இறால் எவ்வளவு?

வாரத்துக்கு ஒரு முறை, அதன் வாயைவிடச் சிறிய துண்டு இறாலோ மீனோ போதும். மசாலா படாதது என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பெரிய துண்டை விழுங்கிவிட்டு மறுநாள் அரைகுறையாகக் கக்கும், அது தண்ணீரைக் கெடுக்கும். வெளுத்துப்போனதைத் தேற்றும்போது மட்டும் பாசியின் பங்கை நீங்கள் ஈடுகட்ட வேண்டும்: சிறு சிறு துண்டாக, வாரம் இரண்டு மூன்று முறை.

கிளவுன் மீன் கட்டாயமா?

உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் சாமந்தி வகைகள் உண்டு. அவற்றில் கிளவுன் மீன்கள் குடியேறுவது சுமார் 10 வகைகளில்தான். மீனின் உடம்பில் இருக்கும் வழவழப்புப் படலம் கொட்டும் செல்களைத் தூண்டாமல் காக்கிறது. மீனின் கழிவு பாசிக்கு உரமாகிறது; மீன் வேறு மீன்களை விரட்டி வீட்டைக் காவல் காக்கிறது. கடலில் இது இருவருக்கும் லாபம்.

தொட்டியில் நிலைமை வேறு. அங்கே மீனுக்கு எதிரி இல்லை, அதனால் கடல் சாமந்தி இல்லாமலே கிளவுன் மீன் பல வருடம் நன்றாக வாழும். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கிளவுன் மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. அப்படிப் பிறந்து வளர்ந்த மீன் கடல் சாமந்தியைக் கண்டுகொள்ளாமலே போகலாம். மீனுக்காக மட்டும் கடல் சாமந்தி வாங்காதீர்கள்.

வாங்கும்போது

முதல் முறைக்கு பபிள் டிப் என்கிற வகை ஏற்றது. கையின் நுனி சிறு குமிழ் போல உப்பியிருக்கும். சில சமயம் குமிழ் இல்லாமல் நீளமாகவும் இருக்கும், அது நோய் இல்லை. கார்ப்பெட் வகைகள் பெரிதாக வளரும், கடுமையாகக் கொட்டும், சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும், புதியவருக்கு வேண்டாம்.

தொட்டியிலேயே பிரிந்து பெருகியதா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். தொட்டியில் பெருகியது விளக்குக்கும் தொட்டித் தண்ணீருக்கும் பழகியிருக்கும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பவளத்தை எங்கிருந்து எடுத்தாலும் குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்த்துவிட்டார்கள். "தெரிஞ்ச பையன் கீழக்கரைலேர்ந்து பாறை கொண்டாருவான்" என்று யாராவது சொன்னால் அந்தப் பாறை பெரும்பாலும் பவளம்தான். தொட்டிக்கென்று செய்யும் செயற்கைப் பாறை கடையிலேயே கிடைக்கிறது.

கடையில் பார்க்கும்போது வாய் மூடியிருக்க வேண்டும், பாதம் எதையாவது பற்றியிருக்க வேண்டும், பழுப்பு அடிநிறம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் உப்பைப் பழக்குங்கள். பாறைப் பொந்தருகே வைத்து, அது பிடித்துக்கொள்ளும் வரை சுற்றுப் பம்பைக் குறைத்து வையுங்கள். விளக்கைப் பாதி ஒளியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முழுதாக்குங்கள். முழு ஒளியில் திடீரென்று வைத்தால், மேலே சொன்ன வெளுத்தல் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தால் பபிள் டிப் ஒரு நாள் நடுவில் நீளவாக்கில் பிளந்து இரண்டாகும். செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பாதியும் தனித்தனியே பாறையைப் பற்றியிருந்தால் அது பெருகுகிறது. ஒன்றை நண்பருக்குக் கொடுப்பதாக இருந்தால் சில வாரம் காயம் ஆறவிட்டு, அது ஒட்டியிருக்கும் பாறையோடு சேர்த்தே எடுத்துக் கொடுங்கள்.